பிடிமண்

ஆண்டுதோறும் ஜூன் 5ஆம் நாள் வந்துவிட்டால் நம் வகுப்பறைகளில் வண்ணங்கள் குழையத் தொடங்கும். 1973 முதல் உலகெங்கும் கொண்டாடப்படும் சுற்றுச்சூழல் நாள் அது. நாமும் அட்டையில் பச்சை மரமும் நீல ஆறும் வரைகிறோம். தெர்மக்கோலில் பூமிப்பந்து செய்து மினுக்குத்தூள் தூவுகிறோம். பரிசும் பெறுகிறோம். விழா முடிந்தபின் அந்தப் பூமிப்பந்து எங்கே போகிறது? குப்பைமேட்டுக்கு, பலத்த காற்றடித்தால் கண்மாய்க்கு! மண்ணைக் காக்கச் சொல்லும் கலையே மண்ணுக்குச் சுமையாகலாமா?

மற்றொன்றும் எண்ணிப் பார்ப்போம். நாம் வரையும் நீல ஆறு எந்த ஊர் ஆறு? திருச்சுழி வழியே செல்லும் குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. நம் கண்மாய்களிலோ சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. நாம் காணாததை வரைகிறோம். கண்ணெதிரே இருப்பதை வரைய மறந்தோம்.

நம் முன்னோர் அவ்வாறு மறக்கவில்லை. தென்மாவட்டச் சிற்றூர்களில் புரவி எடுப்பு விழாவுக்கு முன் ஊரார் ஒரு பிடி மண்ணை எடுத்து வேளாரிடம் கொடுப்பர். அதற்குப் ‘பிடிமண்’ என்று பெயர். அதன்பின் வேளார் களிமண்ணோடு மணலும் வைக்கோலும் கலந்து, குதிரை வனைந்து, சூளையில் சுடுவார். ஊரே கூடி அதைச் சுமந்து செல்லும். பின்னர் அது வெயிலிலும் மழையிலும் நின்று, காலப்போக்கில் சிதைந்து, மீண்டும் மண்ணோடு சேரும். நாம் எச்சமயத்தவராயினும் இதில் நமக்கொரு பாடம் உண்டு. மண் ஊருடையது, கை கலைஞருடையது, தோள் எல்லோருடையது.

இந்தக் காலத்திற்கு இது ஒத்துவருமா என்று ஐயுற வேண்டியதில்லை. நம் தமிழகத்தின் கூடலூர்ப் பகுதியைப் பாருங்கள். அயல்நாட்டிலிருந்து வந்து காட்டை மூடிய உண்ணிச்செடியை வெட்டி, பெட்டக்குரும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோலிகர் முதலிய பழங்குடிக் கலைஞர்கள் முழு உருவ யானைகளைச் செய்கின்றனர். அந்த யானைகள் 2021இல் இலண்டன் பூங்காக்களில் நின்றன. 2024இல் நூறு யானைகள் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் தொடங்கிப் பல நகரங்களுக்குச் சென்றன. காட்டைக் கெடுத்த செடியே காட்டுக்காகப் பேசியது!

நமக்கும் அயல்நாட்டுச் செடி ஒன்று உண்டு. சீமைக் கருவேலத்தின் தாயகமும் அமெரிக்கக் கண்டமே. அது ஏழையின் அடுப்புக்கு விறகாகவும் கரிமூட்டத்துக்குக் கட்டையாகவும் பயன்படுவதை மறுக்க முடியாது. ஆயினும் நீர் நிற்க வேண்டிய இடத்தில் முள் நிற்பது முறையன்று. முள் நீக்கிய அந்தக் கம்புகளால் உருவத்தின் கூடு கட்டுவோம். பனையோலையால் அதைப் போர்த்துவோம். கண்மாய்க் களிமண்ணால் நம் கரிசல் காட்டுப் பறவைகளை வனைவோம். நீர்நிலைகளின் களிமண்ணை மண்பாண்டத் தொழிலாளர் வட்டாட்சியரின் அனுமதியுடன் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள 2024இல் அரசு வழிசெய்துள்ளதே!

இதற்கு ஆசிரியர் யார்? நம் ஊர் வேளாரும் ஓலை முடையும் பாட்டியும்தாம். அவர்களை விழா நாளில் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுவது போதாது. உரிய கூலி கொடுத்து, ஆசிரியருக்குரிய இருக்கையும் கொடுத்து, சில வாரங்கள் நம்மோடு அமர்த்த வேண்டும்.

‘பொம்மை செய்தால் கண்மாய் நிறைந்துவிடுமா?’ என்று சிலர் கேட்கலாம். நிறையாதுதான். கண்மாய் நிறைய மழை வேண்டும். வரத்துக்கால் தூர்வார வேண்டும். ஆனால், தன் கையால் பிசைந்த மண் எந்தக் கண்மாயுடையது என்று அறிந்த மாணவி அதே கண்மாயில் குப்பை கொட்டுவாளா? பிறர் கொட்டினால்தான் வாளாவிருப்பாளா?

தோழியரே! அடுத்த ஜூன் மாதம் கடைக்குச் சென்று தெர்மக்கோல் கேட்க வேண்டாம். அவரவர் ஊர்க் கண்மாயிலிருந்து ஆளுக்கொரு பிடி மண் கொண்டு வருவோம். அதிலிருந்து தொடங்கட்டும் நம் கலை!