பின்னத்தில் தடுக்கி நிற்கும் பிள்ளைகள்

கல்முனையில் பிள்ளைகளுக்கான கற்றல் நிலையமொன்றில் மாலை நேரங்களில் கணிதம் கற்பிக்கிறேன். சுதந்திர ஊடகவியலாளராகக் கிடைக்கும் கொடுப்பனவு மாதக் கடைசிவரை போதாததால் தொடங்கிய வேலை.

தரம் 10 மாணவி ஒருத்தி, அட்சரகணிதப் பின்னங்கள் விளங்கவில்லை என்று வந்தாள். முதலில் அரையுடன் மூன்றில் ஒன்றைக் கூட்டச் சொன்னேன். மேலே உள்ளவற்றையும் கீழே உள்ளவற்றையும் தனித்தனியே கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதினாள்.

"அரை ரொட்டியோட இன்னொரு துண்டு சேர்த்தா, அரையை விடக் குறையுமா மகள்?"

"இல்ல சேர்" என்று சிரித்தபடி விடையை அழித்தாள்.

அவளுடைய சிக்கல் தரம் 10இல் இல்லை. கீழ் வகுப்பில் படிக்காமல் விட்ட பின்னத்தில் இருக்கிறது. 2020, 2021இல் கொரோனா பாடசாலைகளை மூடியது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு மறுபடி மூடியது. வீட்டில் ஒரு கைபேசி, படிக்க மூன்று பிள்ளைகள் என்றிருந்த காலம் அது. பாடசாலைகள் திறந்தபின் பாடத்திட்டம் ஓடியதே தவிர, விடுபட்டதைத் திரும்பிப் பார்க்க நேரம் ஒதுக்கப்படவில்லை.

வீட்டில் சொல்லிக்கொடுக்கவும் பலருக்கு ஆளில்லை. இவர்களின் உம்மா, வாப்பாமார் தொண்ணூறுகளின் வன்முறைக்கும் இடப்பெயர்வுக்கும் நடுவே படிப்பைப் பாதியில் விட்ட தலைமுறை. பின்னர் 2004 சுனாமி வந்தது. இலங்கையில் அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை.

1945 முதல் நம் நாட்டில் கல்வி இலவசம். ஆனால் பாடசாலையில் விடுபட்டதை மீட்க மாலையில் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது. மாரியில் கடல் கொந்தளித்தால் மீனவர் வீட்டில் வருமானமில்லை. அறுவடை முடியும்வரை வயல் கூலிக்காரர் கையிலும் காசில்லை. கார்த்திகையில் வகுப்பில் வாங்குகள் காலியாவதன் காரணம் மழை மட்டுமல்ல. கட்டணம் பாக்கியான பிள்ளை, கேட்கப்படுமுன்பே வெட்கத்தில் நின்றுவிடுகிறது.

சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாவிட்டால் உயர் தரத்துக்கான வழி ஒடுங்குகிறது. வேலை விண்ணப்பங்கள் பலவற்றிலும் அந்தச் சித்தியையே முதலில் கேட்கிறார்கள். அதைப் பிள்ளையின் 'மண்டையில் ஏறாத' பாடம் என்று சொல்லி முடிப்பது அநியாயம்.

டியூசனைத் தடை செய்தால் இது தீராது. தரம் 9 முடியுமுன் ஒவ்வொரு பிள்ளையும் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்து, பாடசாலையிலேயே கட்டணமின்றி அடிப்படைக் கணிதம் மீளக் கற்பிக்கப்பட வேண்டும். கரையோர ஊர்களில் வேலையற்ற பட்டதாரிகளுக்குக் குறைவில்லை. அவர்களுக்கு உரிய சம்பளம் கொடுத்து இதைச் செய்யலாம். அப்படி நடந்தால் என்னைப் போன்றவர்களின் மாலை வருமானம் குறையும். குறையட்டும்.

அந்த மாணவி இப்போது பொதுப்பகுதி ஆறு என்று கண்டுபிடித்து, ஆறில் ஐந்து என்று சரியாக எழுதுகிறாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் மூன்று வாரமாக வரவில்லை.