பேனா விழுந்த பிறகு

விமர்சனத்தின் மீது எறிவதற்கு நம்மவர்களுக்கு எப்போதும் ஒரு கல் வேண்டும். இப்போது அந்தக் கல் ஒரு கார்ட்டூன் படத்திலிருந்து பெயர்த்து எடுக்கப்படுகிறது. ‘ரட்டட்டூயி’ (2007), பிக்ஸார் தயாரிப்பு, பிராட் பேர்ட் இயக்கியது. பாரிஸில் ஒரு எலி சமையல்காரனாகும் கதை. அதில் ஆன்டன் ஈகோ என்று ஒரு உணவு விமர்சகன். எலும்பும் தோலுமான உருவம், சவப்பெட்டி வடிவத்தில் எழுதும் அறை, பீட்டர் ஓ'டூலின் குரல். எலி சமைத்த ஒரு எளிய காய்கறிப் பண்டத்தை வாயில் வைத்ததும் அவன் கிராமத்து வீட்டு வாசலில் நிற்கும் சிறுவனாகிவிடுகிறான். கையிலிருந்து பேனா நழுவித் தரையில் விழுகிறது.

நம்மவர்களுக்கு இது போதும். “பார்த்தீர்களா, விமர்சகன் குழந்தையானால்தான் ரசிக்க முடியும், நீங்களும் பேனாவைக் கீழே போடுங்கள்” என்கிறார்கள். இப்படிச் சொல்பவர்கள் படத்தைப் பார்த்தார்களா என்பதே என் சந்தேகம்.

நான் இதை முதலில் பார்த்தது ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்த இருபது வயதில். குழந்தைகள் படத்துக்கு அது சங்கடமான வயது. பத்து வயதில் சிரிக்கக் காரணம் வேண்டாம். நாற்பதில், பிள்ளையை அழைத்து வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இருபதில் இரண்டுக்கும் வழியில்லை. ஆகவே சிரித்துவிட்டு உடனே அதற்கொரு தத்துவம் தேடுகிறோம். அல்லது ‘குழந்தையாகிவிட்டேன்’ என்று சரணடைகிறோம். இரண்டுமே திரையில் நடப்பதைப் பார்க்காமலிருக்கச் சௌகரியமான வழிகள்.

திரையில் நடப்பது என்ன? ஈகோ வருவதற்கு வெகு முன்பே படத்தில் ஒரு விமர்சகன் இருக்கிறான். அது அந்த எலிதான். குப்பையைத் தின்று வாழும் கூட்டத்தில் ரெமிக்கு மட்டும் நுட்பமான மூக்கு. அதன் அப்பனுக்கு உணவு என்பது எரிபொருள்; மகனின் மூக்கை விஷம் கண்டுபிடிக்கும் வேலையில் அமர்த்துகிறான். அண்ணன் எமில் எதையும் தின்பவன். கண்ணை மூடி மெல்லச் சுவைத்துப் பார் என்று ரெமி அவனுக்குக் கற்றுக்கொடுக்கிறது. எமிலுக்கு ஏதோ ஒரு மினுக்கம் தெரிந்து உடனே அணைந்துபோகிறது. படத்தின் மிக நல்ல நகைச்சுவைகளில் ஒன்று இது. இங்கே ‘குழந்தை’ யார்? எதையும் கேள்வியின்றி விழுங்கும் எமில். கதையை நடத்துவது தரம் பிரிக்கும் மூக்கு. நம்மவர்கள் எமிலை லட்சிய வாசகனாக்கப் பார்க்கிறார்கள்!

லிங்குவினியை எடுத்துக்கொள்ளுங்கள். குப்பை அள்ள வந்தவன். அவன் தொப்பிக்குள் உட்கார்ந்து தலைமயிரைப் பிடித்து இழுத்து எலி சமைக்கிறது. கை ஒரு பக்கம் போக, முகம் ‘நான் இல்லை’ என்கிறது. வயிறு வலிக்கச் சிரிக்கிறோம். கை ஒருவனுடையது, ருசி இன்னொருவனுடையது என்ற நிலையின் முழு அபத்தமும் அந்த உடம்பில் வந்துவிடுகிறது. இதற்கு மேல் தத்துவ விளக்கம் எதற்கு?

அந்தப் பண்டத்துக்கு வருகிறேன். வீடுகளில் ரட்டட்டூயி என்பது காய்கறிகள் சேர்ந்து குழைந்து வேகும் எளிய சமையல். ஈகோவின் தட்டுக்கு வருவது அப்படியல்ல. காகிதம்போல் அரிந்த வட்டங்கள், ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து அடுக்கியவை. படத்துக்கு ஆலோசகராக இருந்த தாமஸ் கெல்லர் என்ற சமையற்கலைஞர் தந்த வடிவம் அது. ஆக, அம்மாவை நினைவூட்டியது அம்மாவின் சமையலே அல்ல. கற்றுத் தேர்ந்த ஒரு கை வேறாகச் செய்தது. உருவமின்றி அந்த நினைவு வந்திராது. ‘கலை வேண்டாம், மண்வாசனை போதும்’ என்பவர்கள் இதைக் கவனிக்கவே மாட்டார்கள்.

வங்கிக் கவுண்டரில் நோட்டு எண்ணும்போது கள்ள நோட்டு வந்தால் விரல் தானாக நின்றுவிடும். அதற்குக் காரணம் யோசிக்க நேரமில்லை. ஆனால் ‘என் விரல் நின்றது’ என்று சொல்லி வாடிக்கையாளரை அனுப்பிவிட முடியாது. இன்ன குறை என்று எடுத்துக் காட்ட வேண்டும், முத்திரை குத்த வேண்டும், ரசீது எழுதிக் கொடுக்க வேண்டும். விரல் நிற்பது ரசனை. ரசீது விமர்சனம். விரல் நிற்காதவன் எழுதும் ரசீது வெறும் காகிதம்தான், ஒப்புக்கொள்கிறேன். விரல் நின்றும் ரசீது எழுத மறுப்பவனை என்னவென்று சொல்வது?

ஈகோ எழுதுகிறான். இதைத்தான் எல்லோரும் மறந்துபோகிறார்கள். விழுந்த பேனாவோடு அவன் கதை முடியவில்லை. சமைத்தவரைப் பார்க்க வேண்டும் என்கிறான். மற்றவர்கள் போகும்வரை காத்திருக்கச் சொன்னால் காத்திருக்கிறான். எலியைக் கண்ணால் பார்க்கிறான். பேசாமல் வீட்டுக்குப் போய் இரவில் எழுதுகிறான். பிரான்சின் மிகச் சிறந்த சமையல்காரன் இங்கே இருக்கிறான் என்று அச்சில் போடுகிறான். யார் வேண்டுமானாலும் சமைக்கலாம் என்ற குஸ்தோவின் வாக்கியத்தை முன்பு எள்ளியவன், இப்போது அதற்குச் சரியான பொருளையும் சொல்கிறான்: எல்லோரும் கலைஞர்களாகிவிட முடியாது, ஆனால் கலைஞன் எங்கிருந்தும் வரலாம். குழந்தை சொல்லக்கூடிய வாக்கியமா இது? விலையும் கொடுக்கிறான். எலிகள் இருந்ததால் உணவகம் மூடப்படுகிறது. அவன் வேலையும் மதிப்பும் போகின்றன.

நம் ‘குழந்தை’ ரசிகர்கள் என்ன விலை கொடுத்தார்கள்? கண் கலங்கிவிட்டு, அடுத்த வாரம் நண்பரின் மட்டமான தொகுப்புக்கும் அதே கண்களைக் கலங்க வைப்பார்கள். பெயர் தெரியாத இடத்திலிருந்து ஒருவன் நன்றாக எழுதினால் அதை அச்சில் சொல்ல இவர்களில் எத்தனை பேர் பேனா எடுப்பார்கள்?