விண்ணிலிருந்து விழுந்தால் யார் பொறுப்பு?

புது தில்லி: கட்டுப்பாட்டை இழந்த செயற்கைக்கோள் ஒன்று பூமியில் விழுந்து உயிருக்கோ உடைமைக்கோ சேதம் விளைவித்தால் இழப்பீடு வழங்க வேண்டியது யார்? உலக நாடுகள் 1972-லேயே இதற்கு விடை கண்டுவிட்டன. ஆனால், இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் இன்னும் இயற்றப்படவில்லை.

1972-ம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கையின்படி, தரையில் நேரிடும் சேதத்துக்கு விண்பொருளை ஏவிய நாடே முழுப் பொறுப்பு. அந்நாட்டின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஸ்கைலேப் ஆய்வுக்கூடம் விழுந்த 1979-ம் ஆண்டில் இந்தியாவும் இதில் இணைந்தது.

அணு உலையுடன் பறந்த சோவியத் செயற்கைக்கோள் காஸ்மோஸ்-954, 1978 ஜனவரியில் கனடாவின் வடபகுதியில் சிதறி விழுந்தது. கதிரியக்கச் சிதறல்களை அகற்றிய செலவுக்காகக் கனடா கோரியது சுமார் 60 லட்சம் கனடா டாலர். பேச்சுவார்த்தைக்குப் பின் 1981-ல் ஒப்புக்கொள்ளப்பட்டது 30 லட்சம்.

இருபுறமும் இந்தியா: 2022 ஏப்ரலில் மகாராஷ்டிர மாநிலம் சந்திரபூர் மாவட்டத்தில் பெரிய உலோக வளையம் ஒன்று விழுந்தது. அது சீன ராக்கெட்டின் பாகம் எனக் கருதப்பட்டது. 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியக் கடற்கரையில் ஒதுங்கிய உருளையோ, இந்தியாவின் பிஎஸ்எல்வி ராக்கெட்டின் மூன்றாம் நிலையாக இருக்கக்கூடும் என அந்நாட்டு விண்வெளி முகமை அறிவித்தது. அதே ஆண்டு மார்ச்சில் மேகா-டிராபிக்ஸ் செயற்கைக்கோளை பசிபிக் கடல் மீது திட்டமிட்டு இறக்கிக் காட்டியது இஸ்ரோ. எனினும், எரிபொருள் தீர்ந்த அல்லது செயலிழந்த செயற்கைக்கோளை அவ்வாறு வழிநடத்த இயலாது.

சட்டத்தில் இடைவெளி: ஏவிய நாட்டின் குடிமக்களுக்கு இந்த உடன்படிக்கை பொருந்தாது. சீனப் பாகம் விழுந்து சேதம் நேர்ந்தால் இந்திய அரசு சீனாவிடம் இழப்பீடு கோரலாம். இந்தியச் செயற்கைக்கோளே இந்திய கிராமத்தில் விழுந்தால், பாதிக்கப்பட்டவர் உள்நாட்டுச் சட்டத்தையே நாட வேண்டும்.

தனியார் நிறுவனங்களுக்கு விண்வெளித் துறை 2020-ல் திறந்துவிடப்பட்டது. அவை ஏவும் பொருள் வெளிநாட்டில் சேதம் விளைவித்தாலும் பதில் சொல்ல வேண்டியது மத்திய அரசே. அத்தொகையை நிறுவனத்திடமிருந்து ஈடுசெய்ய வழிவகுக்கும் விண்வெளி நடவடிக்கைகள் மசோதாவின் வரைவு, 2017 நவம்பரில் கருத்துக் கேட்புக்காக வெளியிடப்பட்டது. 2023-ல் விண்வெளிக் கொள்கையும், 2024-ல் அனுமதி நெறிமுறைகளும் வந்தன. ஆனால், நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்தின் வலு இவற்றுக்கு இல்லை.

பெரும் சேதம் ஏதும் நிகழாத இக்காலமே, கட்சி வேறுபாடின்றி விவாதித்துச் சட்டம் இயற்ற உகந்தது. விபத்துக்குப் பின் வரும் சட்டம், முதலில் பாதிக்கப்பட்டவருக்குப் பயன்படாது.