கணையக் கொடை கொடைமடம் ஆகலாமா?

கோடைமலையில் மன்னவனூர்ப் பக்கம் சென்றோர் கண்டிருப்பர்: பரந்த புல்வெளி, அதன் பள்ளங்கள்தோறும் இருண்ட சோலைத் திட்டுகள். நம் இரைப்பைக்குப் பின்னே கிடக்கும் கணையமும் அத்தகையதே. அதன் பெரும்பகுதி செரிமான நீர் சுரப்பது. அதனிடையே ஏறத்தாழப் பத்து இலக்கம் நுண்திட்டுகள் சிதறிக் கிடக்கின்றன. எல்லாம் சேர்ந்தாலும் கணைய எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே. 1869-இல் செருமானியரான பால் இலாங்கர்கான்சு இவற்றைக் கண்டெழுதினார். குருதிச் சருக்கரையை ஆளும் இன்சுலின் ஊறுவது இத்திட்டுகளில்தான். தீவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று பிறந்த பெயர் அது. மேலையர் தம் பழஞ்சொல்லால் பெயரிட்டனர். நாம் ‘திட்டூறு’ என்றால் மட்டும் நகைப்பார் உளர். (திட்டு என்றதும் வசையே நினைவுக்கு வருவோர் மணல்திட்டையும் ஆற்றுத்திட்டையும் எண்ணிக்கொள்க.)

முதல்வகை நீரிழிவில், உடலின் காப்பாற்றலே இத்திட்டுகளின் சுரப்பணுக்களை அழித்துவிடுகின்றது. 1922 முதல் இன்சுலின் ஊசி இந்நோயாளரின் உயிர்காத்து வருகின்றது. எனினும் சிலர்க்குச் சருக்கரை முன்னறிகுறியின்றித் தாழ்ந்து நினைவிழப்பு நேர்கின்றது. சிலர்க்குச் சிறுநீரகமும் பழுதாகின்றது. அத்தகையோர்க்கே கணைய மாற்று. 1966-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அது முதன்முதல் செய்யப்பெற்றது. சென்னையிலும் கொச்சியிலும் நடந்துள்ளது.

மற்றொரு வழியும் உண்டு. இறந்தவர் கணையத்தினின்று திட்டுகளை மட்டும் பிரித்தெடுத்து, கல்லீரலுக்குச் செல்லும் பெருங்குருதிக் குழாயில் செலுத்துவது அது. 2000-இல் கனடாவின் எட்மண்டனில் எழுவர் இம்முறையால் ஊசியை விட்டனர் என்று உலகமே வியந்தது. ஐந்தாண்டு கழிந்தபின், அங்கு இம்மருத்துவம் பெற்றோருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே ஊசியின்றி வாழ்ந்தார். ஏனையோருள் பலர்க்குத் திட்டுகள் ஓரளவு இயங்கின என்பதும் உண்மை. 2025-இல் வெளிவந்த ஆய்வொன்றில், குருத்தணுக்களினின்று ஆக்கிய திட்டுகளைப் பெற்ற பன்னிருவருள் பதின்மர் ஓராண்டு முடிவில் ஊசியின்றி இருந்தனர். எம்மாற்றாயினும், ஏற்ற உறுப்பு இயங்கும் நாள்வரை எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தை உண்டாக வேண்டும். நோய்த்தொற்றுக்கும் புற்றுக்கும் அது வழிவிடக் கூடும். ஊசிச்சுமையை இறக்கி வேறொரு சுமையை ஏற்பதே இது.

இவ்வளவையும் தமிழில் சொல்ல முடிந்ததன்றோ?

பூம்பாறையில் பூண்டு நடும் ஒருவர், தம் மகளுக்கு இம்மாற்று வேண்டுமா வேண்டாவா என்று முடிவுசெய்ய நேர்ந்தால், மேற்சொன்னவை அனைத்தும் அவர்க்கு விளங்கியாக வேண்டும். கொடுப்போர் நிலை இன்னும் கொடிது. மூளைச்சாவுற்றோர் உறுப்புகளைக் கொடையாகப் பெறும் திட்டம் தமிழ்நாட்டில் 2008 முதல் நடக்கின்றது. அத்தகு கொடையாளர்க்கு அரசு மதிப்புடன் இறுதிச் சடங்கு என 2023-இல் அறிவிக்கப்பெற்றது. இரண்டையும் உளமார வரவேற்கின்றோம். ஆனால், அழுகையினிடையே ‘பேன்கிரியாசு’ எடுக்க ஒப்புதல் கேட்டால், மலையூர்த் தாய் எதற்குக் கையொப்பமிடுகிறாள்?

இம்மலையடியில் ஆவினன்குடியை ஆண்ட பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்தான். அதனால் மயிலுக்கு என்ன பயன் என்று அவன் ஆராயவில்லை. சான்றோர் அதனைக் கொடைமடம் என்று போற்றினர். போர்வைக்கு அது தகும், கணையத்திற்குத் தகாது.

கலைச்சொல் இல்லை என்பது பழைய பொய். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து மருத்துவர்களை ஆக்கினார். நாலாயிரம் பக்கங்களுக்கு மேல் மருத்துவ நூல்களைத் தமிழாக்குவித்தார். அவரை விடுத்த அதே குழுமத்தின் தொண்டர்கள்தாம் 1845-இல் கோடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறியவர்கள். அயலவர்க்கு அன்று இயன்றது தமிழர்க்கு இன்று இயலாதாம்! தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் இன்றும் ஆங்கிலமே ஆள்கின்றது.

படிவத்தைத் தமிழில் அச்சிட்டால் போதும் என்பர் சிலர். ஆங்கிலத்தில் மட்டுமே கற்றவர், அப்படிவத்தின் ஒரு வரிக்குப் பொருள் கேட்டால் விழிப்பார். ஆகலின், நோயாளியிடம் நோயையும் மருத்துவத்தையும் அதன் கேடுகளையும் தமிழில் விளக்கும் செய்முறைத் தேர்வொன்றை அரசு மருத்துவப் படிப்பில் சேர்த்தல் வேண்டும். அதில் தேறாதவர்க்குத் தமிழ்நாட்டில் மருத்துவப் பட்டம் வழங்கலாகாது.