அமெரிக்காவில் அப்பாவின் மரணம்... இறப்புச் சான்றிதழ் வாங்குவது எப்படி?

பேரக்குழந்தையைப் பார்க்க அமெரிக்கா போன அப்பா, திடீரென மாரடைப்பில் இறந்துபோகிறார். மகன் வீடு கலிபோர்னியா மாநிலத்தின் ஃபிரீமான்ட் நகரத்தில். ஆம்புலன்ஸ் கொண்டுபோய்ச் சேர்த்த மருத்துவமனையோ பாலோ ஆல்டோவில். தகனம் முடிந்து, உறவினர்களின் போன் அழைப்புகளும் ஓய்ந்த பிறகு, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கவுன்ட்டி அலுவலகத்துக்குப் போகிறார் மகன். "அப்படி ஒரு மரணம் இங்கே பதிவாகவே இல்லையே" என்கிறார் கவுன்ட்டரில் இருப்பவர்.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் எந்தக் குடும்பத்துக்கும் இந்த நிலை வரலாம். ஊரில் வங்கிக் கணக்கு, எல்.ஐ.சி பாலிசி, பட்டா மாற்றம், அம்மாவுக்கு வரவேண்டிய குடும்ப ஓய்வூதியம் என எல்லாமே அந்த ஒரு காகிதத்துக்காகக் காத்திருக்கும். அதை எங்கே, எப்படி வாங்குவது?

எந்த அலுவலகம்?

கவுன்ட்டி என்பது ஏறக்குறைய நம் ஊர் மாவட்டம் மாதிரி. அமெரிக்காவில் 3,000-க்கும் மேற்பட்ட கவுன்ட்டிகள் இருக்கின்றன. பிறப்பு, இறப்புப் பதிவு அந்தந்த மாநிலத்தின் பொறுப்பு. மத்திய அரசு இறப்புச் சான்றிதழ் தருவதில்லை.

முக்கியமான விதி இதுதான்: வீடு எங்கே என்பது கணக்கில்லை, உயிர் பிரிந்த இடம்தான் கணக்கு. ஃபிரீமான்ட் இருப்பது அலமீடா கவுன்ட்டியில். பாலோ ஆல்டோ இருப்பது சான்டா கிளாரா கவுன்ட்டியில். மகன் போயிருக்க வேண்டியது சான்டா கிளாராவுக்கு.

கலிபோர்னியாவில் சமீபத்திய மரணங்களுக்குக் கவுன்ட்டி சுகாதாரத் துறையிலும், பழையவற்றுக்குக் கவுன்ட்டி ரெக்கார்டர் அலுவலகத்திலும் கேட்பது வழக்கம். எல்லா மாநிலங்களிலும் இப்படி இல்லை. நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ் மாநிலங்களில் கவுன்ட்டிக்குப் பதிலாக அந்த ஊரின் உள்ளாட்சி அலுவலகத்தை அணுக வேண்டும். நியூயார்க் நகரத்துக்குத் தனிப் பதிவு அலுவலகமே உண்டு. மாநில அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம். ஆனால், புதிய மரணங்களுக்குப் பெரும்பாலும் உள்ளூர் அலுவலகமே சீக்கிரம் தரும்.

அந்த ஒரு படிவத்தில் கவனம்!

மரணத்தைப் பதிவு செய்ய மகன் அலைய வேண்டியதில்லை. இறுதிச் சடங்கை நடத்தித் தரும் ஃபியூனரல் ஹோம்தான் அதைச் செய்யும். இறப்புக்கான காரணத்தை மருத்துவர் எழுதுவார். மற்ற விவரங்களைக் குடும்பம் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் 8 நாள்களுக்குள் பதிவு செய்தாக வேண்டும்.

பிற்பாடு வரும் சிக்கல்களில் பாதி இந்தக் கட்டத்தில்தான் உருவாகிறது. துக்கத்தில் இருக்கும்போது ஒரு படிவம் நீட்டப்படும். இறந்தவரின் அப்பா பெயர், அம்மாவின் திருமணத்துக்கு முந்தைய பெயர், பிறந்த ஊர், படிப்பு, தொழில் என நீளமாகக் கேட்பார்கள்.

"அம்மா, அப்பாவைப் பெத்த பாட்டியோட முழுப்பேரு என்னம்மா?" என்று மகன் கேட்டால், "அத்தை பேரை நான் வாயால சொன்னதே இல்லையேப்பா..." என்று அம்மா தடுமாறலாம். இந்திய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தாய், தந்தை, வாழ்க்கைத்துணை பெயர்கள் இருக்கும். அதைப் பார்த்து எழுதுவதே பாதுகாப்பு.

தொழில் என்ற இடத்தில் 'ரிட்டயர்டு' என்று எழுதக் கூடாது. வாழ்நாளில் பெரும்பகுதி பார்த்த வேலையை எழுத வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்பார்கள். விசிட்டர் விசாவில் வந்தவருக்கு அது இருக்காது. 'இல்லை' என்று சொன்னால் போதும்.

பெயரில் வரும் பெரிய சிக்கல்

நம் ஆட்களின் பெயர் அமெரிக்கப் படிவத்துக்குள் அடங்காது. ஊரில் வங்கிப் புத்தகத்தில் இனிஷியலோடு இருக்கும் பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் சேர்ந்து நீண்டிருக்கும். அமெரிக்கச் சான்றிதழில் அந்த அப்பா பெயரே குடும்பப் பெயராகி, முன்னால் வந்து நிற்கலாம். சுப்பிரமணியன் என்ற ஒரே பெயருக்கு ஆதாரில் ஒரு ஸ்பெல்லிங், பத்திரத்தில் ஒரு ஸ்பெல்லிங் என்பதும் சகஜம்.

இதற்கு அந்தப் படிவத்திலேயே வழி இருக்கிறது. இறந்தவரின் சட்டப்படியான பெயரோடு, 'இன்ன பெயராலும் அறியப்பட்டவர்' என்று மாற்றுப் பெயரையும் சேர்க்க முடியும். பாஸ்போர்ட் பெயரை முதன்மையாகக் கொடுத்து, வங்கியிலும் பத்திரத்திலும் உள்ள பெயரை மாற்றுப் பெயராகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

பதிவுக்கு அனுப்பும் முன் ஒரு பிரின்ட் கேட்டு, ஒவ்வொரு எழுத்தையும் சரிபாருங்கள். அப்போது திருத்துவது சில நிமிட வேலை. பதிவான பிறகு திருத்த, ஆதாரங்களோடு தனியாக விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும்.

யாருக்குக் கிடைக்கும்?

கலிபோர்னியாவில் 2 வகை நகல்கள் உண்டு. வங்கி, இன்ஷூரன்ஸ் போன்ற சட்டத் தேவைகளுக்கான நகலை வாழ்க்கைத்துணை, பெற்றோர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், தாத்தா பாட்டி, வழக்கறிஞர் போன்றோருக்குத்தான் தருவார்கள். இந்தப் பட்டியலில் மருமகனும் மருமகளும் இல்லை. எனவே மகளோ அம்மாவோ கையெழுத்திட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

மற்றவர்களுக்குக் கிடைப்பது தகவலுக்கான நகல். அடையாளத்தை நிரூபிக்கச் செல்லாது என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். நேரில் போனால் அடையாள அட்டையும் உறுதிமொழிக் கையெழுத்தும் தேவை. தபாலில் அனுப்பினால் அந்த உறுதிமொழியில் நோட்டரி கையெழுத்தும் வேண்டும்.

எத்தனை நகல்?

யார் யாருக்கு ஒரிஜினல் கொடுக்க வேண்டும் என்று முதலில் பட்டியல் போடுங்கள். தூதரகம், இன்ஷூரன்ஸ், வங்கி, வாரிசுச் சான்றிதழ், பென்ஷன் அலுவலகம் என எண்ணி, கூடுதலாக 2 நகல்கள் வாங்கலாம். ஊருக்குத் திரும்பிய பின் மறுபடி கேட்பது சிரமம். கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். உதாரணமாக, டெக்சாஸ் மாநில அலுவலகத்தில் முதல் நகலுக்கு 20 டாலர், அதோடு சேர்த்துக் கேட்கும் ஒவ்வொரு கூடுதல் நகலுக்கும் 3 டாலர்தான்.

மரணத்துக்கான காரணம் விசாரணையில் இருந்தால், அந்த இடத்தில் 'நிலுவை' என்று குறிப்பிட்டுச் சான்றிதழ் தருவார்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனம் இறுதிச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்கச் சொல்லலாம்.

தேதியில் தடுமாற வேண்டாம்

கலிபோர்னியாவில் கோடைக்காலத்தில் இரவு 9 மணி என்றால், இந்தியாவில் மறுநாள் காலை 9.30. ஊரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் ஒரு தேதியும், சான்றிதழில் அதற்கு முந்தைய தேதியும் இருக்கலாம். திதி கொடுப்பது குடும்பத்தின் வழக்கப்படி இருக்கட்டும். விண்ணப்பங்களில் சான்றிதழில் உள்ள தேதியை மட்டுமே எழுதுங்கள்.

இன்னொன்று, அமெரிக்காவில் மாதத்தை முதலில் எழுதுவார்கள். 03/04 என்றால் மார்ச் 4. அதை ஏப்ரல் 3 என்று எழுதிவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும்.

ஊரில் செல்லுபடியாக...

இறந்தவர் இந்தியக் குடிமகன் என்றால், அந்தப் பகுதிக்கான இந்தியத் தூதரக அலுவலகத்தில் மரணத்தைப் பதிவு செய்யலாம். பாஸ்போர்ட்டையும் அங்கேயே ரத்து செய்துவிடலாம்.

அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர் என்றால், சான்றிதழுக்கு 'அப்போஸ்டில்' முத்திரை வாங்க வேண்டும். இந்தியாவும் அமெரிக்காவும் இந்த ஒப்பந்தத்தில் இருப்பதால் அது இங்கே செல்லும். சான்றிதழ் தந்த மாநிலத்தின் செயலர் அலுவலகமே முத்திரையையும் தரும். கலிபோர்னியாவில், கவுன்ட்டி சுகாதார அதிகாரி கையெழுத்திட்ட நகல் என்றால், முதலில் கவுன்ட்டி கிளார்க்கின் ஒப்புதல் பெற வேண்டும். நகல் வாங்கும்போதே 'அப்போஸ்டிலுக்கு' என்று சொல்லிவிட்டால் இன்னொரு முறை அலைய வேண்டாம்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பும் பெற்றோர், பாஸ்போர்ட், ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் மூன்றையும் போட்டோ எடுத்துப் பிள்ளைகளுக்கு இன்றே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பெயர்களில் வித்தியாசம் இருந்தால், அதைப் பற்றி உயிரோடு இருக்கும்போதே பேசிவிடுவது நல்லது.