இல்லமும் இயந்திரமும்: அட்டை பழுதா, இணைப்புப் பழுதா?

சென்ற திங்களில் ஒரு மாலை, அலுவல் முடிந்து திரும்பிய நம்மை அண்டை வீட்டு அம்மையார் வாயிலிலேயே எதிர்கொண்டார். கணவரை இழந்தவர் அவர். திருமணப் படக்காட்சிகளைக் கணிப்பொறியில் தொகுத்துக் கொடுக்கும் மகனின் தொழிலே அக்குடும்பத்திற்குச் சோறு.

"தம்பி, பையனுடைய பெட்டியில் கிராபிக்ஸ் கார்டு செத்துவிட்டதாம். சென்னையிலிருந்து புதிது வரவழைக்க வேண்டுமாம். இந்த வளையலை வைத்தால் எவ்வளவு கிடைக்கும்?" என்று வினவினார்.

"வளையல் கையிலேயே இருக்கட்டும், அக்கா. முதலில் பெட்டியைப் பார்ப்போம்" என்றோம்.

நாம் பொறியியல் கற்றவரல்லோம். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்தி, இரயிலே ஓடாத இத்தீவில் இரயில் பயணச்சீட்டுப் பதிவு செய்யும் எழுத்தர். ஆயினும் முன்னொரு முறை, நல்ல அட்டையைக் கெட்டதென எண்ணிக் கடன்பட்டுப் புதியது வாங்கினோம். அதையும் கணிப்பொறி அறிந்துகொள்ளவில்லை. உள்ளே மின்கம்பி ஒன்று கழன்றிருந்ததே காரணம் என்பது பின்னரே புலனாயிற்று. அந்தப் பட்டறிவே இதனை எழுதும் துணிவைத் தந்தது.

2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் சென்னைக்கும் இத்தீவுகளுக்கும் இடையே ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பி தொடங்கி வைக்கப்பெற்றது. அதன்பின் செய்திகள் நொடியில் வருகின்றன. பொருள்களோ இன்றும் பெரும்பாலும் கப்பலை நம்பியே உள்ளன. சென்னையிலிருந்து ஹாடோ துறைக்கு வர ஏறத்தாழ மூன்று நாட்கள் ஆகும். கப்பலுக்குக் காத்திருக்கும் நாட்கள் தனி. ஆதலின் இங்கே தவறாக வாங்கிய பொருள் இரட்டை நட்டம். வாங்குமுன் பின்வருவனவற்றை வரிசையாகப் பார்த்தல் நலம்.

முதலாவது, திரைக்கு வரும் கம்பி எங்கே செருகப்பட்டுள்ளது என்று காண்க. பெட்டியின் பின்புறத்தில் மதர்போர்டுக்குரிய துளையும் அட்டைக்குரிய துளையும் வெவ்வேறு. மாற்றிச் செருகினால் அட்டை நலமாக இருந்தும் பயன் தராது.

இரண்டாவது, மின்சாரத்தை நிறுத்திக் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுக. பெட்டியின் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி எஞ்சிய மின்சாரத்தைப் போக்குக. இரும்புச் சட்டத்தைத் தொட்டபின்னரே உள்ளே கை வைக்க வேண்டும். அட்டை செருகப்பெறும் ஸ்லாட் அதிகமாக 75 வாட் மின்சாரமே தரும். பெரிய அட்டைகள் பலவற்றுக்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து ஆறு அல்லது எட்டு முனைகளுள்ள தனிக் கம்பியும் வேண்டும். அது கழன்றிருக்கிறதா என்று பார்க்க. எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் ஒருபோதும் திறத்தலாகாது.

மூன்றாவது, ஸ்லாட்டின் முனையிலுள்ள கொக்கியை விடுவித்து அட்டையைக் கழற்றுக. இருபருவ மழையும் பெய்யும் இத்தீவுகளில் மே முதல் டிசம்பர் வரை ஈரம் குறைவதில்லை. கடற்காற்றில் உப்பும் உண்டு. பொன்முலாம் பூசிய முனைகளில் அழுக்கு படிந்திருப்பின், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த மெல்லிய துணியால் துடைத்து, நன்கு உலர்ந்தபின், கொக்கி 'கிளிக்' என்று பூட்டும் வரை நேராக அழுத்துக.

நான்காவது, மதர்போர்டிலுள்ள காசு வடிவ மின்கலத்தைக் கவனிக்க. அது தீர்ந்தால் கடிகாரம் பின்தங்குவதோடு, பயாஸ் அமைப்புகளும் பழைய நிலைக்குத் திரும்பக்கூடும். பயாஸில் எந்தத் திரை முதன்மை என்று குறித்திருப்பதையும் சரிபார்க்க.

ஐந்தாவது, விண்டோஸ் இயங்குமாயின் டிவைஸ் மானேஜரைத் திறக்க. அட்டையின் பெயர் அங்கே மஞ்சள் குறியோடு காணப்பட்டால், கணிப்பொறி அட்டையைக் கண்டுகொண்டது என்பதே பொருள். குறை பெரும்பாலும் டிரைவர் மென்பொருளில் இருக்கும். அதை நீக்கி, அட்டை செய்தவர் தரும் டிரைவரை மீண்டும் நிறுவுக.

இவையனைத்தும் பயன்படாவிடில், வேறொரு கணிப்பொறியில் அந்த அட்டையைப் பொருத்திப் பார்க்க. அங்கும் இயங்காவிடின் மட்டுமே அது கெட்டதெனக் கொள்ளலாம்.

அம்மையார் வீட்டுப் பெட்டியில் நேர்ந்தது என்ன? அவர்கள் அண்மையில் வீடு மாறியபோது வண்டியின் குலுக்கலில் அட்டை ஒருபுறம் தூக்கிக்கொண்டிருந்தது. முனைகளில் மங்கிய படிவும் இருந்தது. துடைத்துப் பூட்டியதும் திரையில் பாதி தொகுத்த திருமணக் காட்சி தோன்றிற்று. பையன் பேசவில்லை, அம்மையாரின் கை மட்டும் வளையலை மெல்லத் தடவிக்கொண்டது.

அன்பர்களே, சோதித்துப் பார்க்க மற்றொரு கணிப்பொறியோ அட்டையோ எல்லா வீட்டிலும் இராது. கெட்டது எதுவென்று அறிய வழியின்றியே பலர் கடன்படுகின்றனர். ஆதலின், அன்று நாம் வீணே வாங்கிய அந்த அட்டையைச் சங்கத்திற்கே கொடுத்துவிட்டோம். அது சங்க அலமாரியில் இருக்கும். தேவைப்படுவோர் கையொப்பமிட்டு எடுத்துச் சென்று, சோதித்தபின் திருப்பித் தருக. ஒரு வீட்டு வளையலையேனும் அது காக்குமாயின், நாம் அன்று பட்ட கடன் வீண்போகவில்லை என மகிழ்வோம்.