சீற்றத்தைத் தணிக்கும் மருந்து கிருமியைக் கொல்லாது

நிமோனியாவால் ஒருவர் மாண்டுபோனால் கிருமி கொன்றது என்று சொல்லி நாம் திருப்தியடைந்துவிடுகிறோம்; ஆயினும், அக்கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட சரீரத்தின் சொந்தச் சேனையே, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவனைப் போல, சுவாசப்பையின் நுண்ணிய காற்றறைகளை நீராலும் சீழாலும் நிரப்பி, பிராணவாயு இரத்தத்தில் கலக்கும் வழியை அடைத்துவிடுவதும் பல சமயங்களில் அம்மரணத்துக்குக் காரணமாகிறது. மருந்துக்கு அடங்காத கிளப்சியெல்லா, அசினிட்டோபாக்டர் போன்ற கிருமிகள் பெருகிவரும் இக்காலத்தில், ஆண்டிபயாடிக்குடன், அச்சேனையின் சீற்றத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன என்று வைத்தியர்கள் வினவுவது நியாயமே.

1948ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் முடக்குவாத நோயாளி ஒருவருக்கு முதன்முதல் கார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டு செலுத்தப்பட்டுச் சில ஆண்டுகளுக்குள்ளாகவே, வீக்கத்தைத் தணிக்கும் இவ்வகை மருந்து உடலின் காவலையும் தளர்த்திவிடும் என்பது தெரிந்துவிட்டமையால், தொற்றுநோயில் அதைத் தொடவே வைத்தியர் பலர் நெடுங்காலம் அஞ்சினார்கள். அந்த அச்சத்தை 2023இல் வெளியான ஒரு பிரெஞ்சுச் சோதனை பெரிதும் அசைத்தது. வெளியிலிருந்தே கடும் நிமோனியாவுடன் வந்து தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் சேர்ந்த சுமார் 800 பேரில், வழக்கமான சிகிச்சையோடு தினமும் 200 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் பெற்றவர்களுள் 28 நாட்களுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 6.2, பெறாதவர்களுள் 11.9. இது அலட்சியம் செய்யத்தக்க பலனன்று. ஆனால், வேறொரு ஸ்டீராய்டைக் கொண்டு அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்து 2022இல் வெளியான சோதனையில் அத்தகைய வித்தியாசம் தெளிவாகத் தென்படவில்லை என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும்.

பிரெஞ்சுச் சோதனையில் இன்ஃப்ளுயென்சா நோயாளிகள் சேர்க்கப்படவில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகளைக் குறித்து அது நடத்தப்பட்டதுமன்று. ஸ்டீராய்டு ஒரு கிருமியையும் கொல்வதில்லையாதலின், உடன் கொடுக்கும் ஆண்டிபயாடிக் அக்கிருமியிடம் தோற்குமானால், காவலைத் தளர்த்திக் கதவைத் திறந்துவிட்டதுதான் மிச்சமாகும். ஆகவே, சளியையும் இரத்தத்தையும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பி, எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று அறிய முனையாமல் ஆண்டிபயாடிக்கையும் ஸ்டீராய்டையும் கூட்டிக் கொடுப்பதைச் சிகிச்சை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நம் ஊரில் நடப்பதோ வேறு. சாதாரண ஜுரத்துக்கே ஆண்டிபயாடிக்கையும் ஸ்டீராய்டையும் சேர்த்து ஊசியாகவோ, பெயர் தெரியாத மாத்திரைகளாகவோ கொடுக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. அன்று மாலையே ஜுரம் தணிந்து பசியும் எடுப்பதால் (அது ஸ்டீராய்டின் மாயம் என்பதை அறியாமல்) நோயாளி அந்த வைத்தியரைக் கைராசிக்காரர் என்று கொண்டாடுகிறார். பிராணவாயு தேவைப்படாத கோவிட் நோயாளிக்கு டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டால் நன்மையில்லை என்று 2020ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் நிரூபிக்கப்பட்ட பின்னரும், அடுத்த ஆண்டு இந்தியாவெங்கும் அது தாராளமாக வழங்கப்பட்டதும், கட்டுக்கடங்காத சர்க்கரை நோயோடு இப்பிரயோகமும் சேர்ந்து கருப்புப் பூஞ்சைக்கு வழி வகுத்ததும் யாவரும் அறிந்தவை.

கடும் நிமோனியாவில் இக்கூட்டுச் சிகிச்சைக்கு இடமுண்டு. அந்த இடம், இரத்தச் சர்க்கரையையும் பிராணவாயுவையும் இடைவிடாது கவனிக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவேயன்றித் தெருமுனை மருந்துக்கடையன்று. மாவட்ட ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் கல்ச்சர் பரிசோதனை இரவு பகலாக நடக்க அரசு ஏற்பாடு செய்யட்டும். அதுவரை, ஜுரத்துக்கு ஊசி போட்டுக்கொள்ளும் வாசகர்கள், அந்த ஊசியில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று கூச்சமின்றிக் கேட்பார்களாக.